டிப்ஸ் அக்கா வீட்டு நாற்காலி

வானொலி நிலையத் தலைவர் நாற்காலியை விட்டு எழுந்தபோது, அவருடைய பேன்ட்டின் பின்பக்கத்தில் கறுப்பாக ஒரு வட்டம் இருந்தது. காம்பஸ் வைத்துப் போட்டாலும் அவ்வளவு கச்சிதமாக வராது. பேன்ட் வேறு பால் நிறம்.

முதுகுப் பக்கம் கண் இல்லாததால் அவர் சிரித்துக்கொண்டே நின்றார். அந்த வட்டம் டிப்ஸ் அக்காவின் கண்ணில்தான் பட்டது.

"உக்கார சௌகரியமா இருந்ததா சார்?" என்று கேட்டார் அவள் கணவர். அந்த நாற்காலியைத் தன் கையால் செய்தவர் அவர்தான்.

"நல்லா இருந்தது. கொஞ்சம் பேசுது, அவ்வளவுதான்," என்றார் தலைவர். உள்ளே அடைத்திருந்த காலி பாட்டில்கள், அவர் அசைந்தபோதெல்லாம் நறநறவென்று சத்தம் போட்டிருந்தன.

தலைவர் விடைபெற்றுக் கிளம்ப, டிப்ஸ் அக்கா அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கினாள். எதற்கம்மா இவ்வளவு தூரம் என்று அவர் திரும்பும்போதெல்லாம் அவளும் அவரோடு சேர்ந்து ஒரு சுற்றுச் சுற்றினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுகூட இதைவிடச் சுலபம். கடைசியில் அவர் காரின் கதவைத் திறந்தார். சீட்டும் பால் நிறம். அவள் அதற்கு மேல் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"சாருக்கு நாற்காலி பிடிச்சிருந்ததா?" என்று கேட்டார் கணவர்.

"ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார்," என்றாள். அதில் பொய் எதுவும் இல்லை.

இந்த வினை தொடங்கியது அவள் வாயில்தான். தினமும் காலைச் செய்தி முடிந்ததும் வானொலியில் 'இன்றைய பச்சைக் குறிப்பு' வாசிப்பது அவள் வேலை. சுற்றுச்சூழல் செய்தி ஒன்று, அதன் வாலில் வீட்டுக்கு ஒரு யோசனை. எங்கேயோ ஏரி வற்றுகிறது, ஆகவே பல் துலக்கும்போது குழாயை மூடுங்கள். எங்கேயோ வெயில் ஏறுகிறது, ஆகவே ஆளில்லாத அறையில் விளக்கை அணையுங்கள். எழுதிக் கொடுப்பது செய்திப் பிரிவு, வாசிப்பது இவள். ஆனால் குரலில் அப்படி ஓர் அக்கறை இருக்கும். கேட்கிறவர்கள் எழுந்து போய்க் குழாயை மூடிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள்.

அவள் குடியிருந்த தெருவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவளுக்கு ஒரு பெயர் இருப்பதையே மறந்துவிட்டு எல்லோரும் டிப்ஸ் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவள் நடந்து போனால் ஜன்னல் ஜன்னலாக விளக்கு அணையும். கடையில் மறதியாக ஒரு பிளாஸ்டிக் பை கேட்டுவிட்டால், அக்கா நம்மைச் சோதிக்கிறாள் என்று கடைக்காரர் சிரிப்பார். எதையும் தூக்கி எறியாதீர்கள், பழுது பாருங்கள், வேறொன்றாக மாற்றுங்கள், இல்லாதவருக்குக் கொடுங்கள் என்று அவள் சொல்லிச் சொல்லி, தெருமுனைக் குப்பைத் தொட்டி பாதி நாள் பட்டினி கிடந்தது.

ஊருக்கு உபதேசம் செய்கிறவர்கள் வழக்கமாக வீட்டுக்குள் வந்து தப்பித்துக்கொள்வார்கள். இவளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இவள் கணவரும் வானொலி கேட்பவர்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கடுகைவிடச் சின்ன ஸ்க்ரூவை மூச்சை அடக்கிக்கொண்டு முடுக்குவார். அதைவிடப் பெரிய எந்த வேலையும் அவருக்கு வராது. ஒருமுறை இவர் சுவரில் அடித்த ஆணி மறுபக்கம் வர, அடுத்த வீட்டுக்காரர் அந்த முனையில் நாள்காட்டி மாட்டிக்கொண்டார். பரிசு வாங்குவதும் அவருக்கு வராத வேலைதான். கல்யாண நாளுக்கு வருஷா வருஷம் ஒரு குடை. அந்த வீட்டில் இருந்த குடைகளைப் பிரித்தால் மழைக்குத் தெருவே ஒதுங்கலாம்.

இந்த வருஷம் அவர் குடை வாங்கவில்லை. பழைய டயரை எறியாதீர்கள், அழகான நாற்காலி செய்யுங்கள் என்று மனைவி வானொலியில் சொன்னதைக் கேட்டார். அதை எந்த மனிதனாவது செய்வான் என்று வாசித்த அவளே நினைக்கவில்லை. இவர் மெக்கானிக்கிடம் இரண்டு கார் டயர் வாங்கிக் கடையின் பின்னறையில் வைத்து, வாரக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் வேலை பார்த்தார். டயர் மேல் டயர் வைத்து முறுக்குக் கயிறு சுற்றினார். உட்காரும் இடத்தில் காலி பாட்டில்களை நசுக்கி அடைத்தார். முதுகு சாய, கடையின் பழைய பெயர்ப்பலகையை அறுத்துப் பொருத்தினார். அறுத்த துண்டில் பலகையில் வரைந்திருந்த பெரிய கண் ஒன்று அப்படியே வந்துவிட்டது.

அதைக் கூடத்தில் வைத்து, போர்வையை விலக்கிக் காட்டியபோது அவள் முதலில் பார்த்தது நாற்காலியை அல்ல, அவர் விரல்களை. விரலுக்கு விரல் பிளாஸ்திரி. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"இந்த மாதிரி நாற்காலி உலகத்துலயே கிடையாதுங்க," என்றாள்.

அதுவும் உண்மைதான். ஆனால் அதோடு வாயை மூடியிருக்கலாம். மறுநாள் காலை, மனம் நெகிழ்ந்திருந்த நேரத்தில், வானொலியிலும் அதையே சொல்லிவிட்டாள். என் கணவர் செய்த டயர் நாற்காலியைத் தங்க நாற்காலி கொடுத்தாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன் என்றாள். அதைக் கேட்டுத்தான் நிலையத் தலைவர் நாற்காலியைப் பார்க்க வந்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அதுவாவது குளத்துக்குள் கத்துகிறது.

நெகிழ்ச்சி வடிந்த பிறகு நாற்காலி மட்டும் மிஞ்சியது. வெயில் ஏறினால் கூடம் முழுக்க ரப்பர் நாற்றம். உட்கார்ந்தால் நறநற. எழுந்தால் வட்டம். எந்தப் பக்கம் போனாலும் அந்த ஒற்றைக் கண் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தது. சாப்பிடும்போது பார்த்தது, துணி மடிக்கும்போது பார்த்தது, செருப்பைத் தேடினால் அதையும் பார்த்தது.

வேறு ஊரில் இருந்த தங்கையிடம் போனில் அழாத குறையாகச் சொன்னாள்.

"பிடிக்கலைன்னு அத்தான்கிட்ட சொல்லித் தொலையேன். கடிச்சா திங்கப் போறார்?"

"நீ அந்த மூஞ்சியப் பாத்திருந்தா இப்படிப் பேச மாட்டேடி. இத்தனை வருஷத்துல எனக்காக அவர் செஞ்ச முதல் சாமான். நல்லா இல்லேன்னு ஒரு வார்த்தை சொன்னேன்னு வையி, மனுஷன் இனிமே எதையும் தொட மாட்டார்."

"அப்ப உக்காந்துக்க."

உட்காரவும் முடியவில்லை, சொல்லவும் முடியவில்லை. அவர் மனமும் நோகக் கூடாது, நாற்காலியும் வீட்டில் இருக்கக் கூடாது என்றால் ஒரே வழிதான். அதுவாகத் தொலைந்து போக வேண்டும்.

தலைவரின் பேன்ட் கறையான மறுநாளே அதைத் தொலைத்தாள். கணவர் கடைக்குப் போன பிறகு நாற்காலியைப் படிப்படியாக இறக்கி, தெருமுனைக் குப்பைத் தொட்டிக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள். வேர்வையைத் துடைத்துக்கொண்டு வானொலி நிலையத்துக்குப் போய், மறுநாள் வாசிக்க வேண்டிய குறிப்பை வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் திரும்பினாள். வாசலில் தையல்காரம்மா நின்றிருந்தாள். பக்கத்தில் நாற்காலி நின்றிருந்தது.

அதற்கு இப்போது ஓர் உறை இருந்தது. தெருவில் உள்ளவர்கள் தைக்கக் கொடுத்த துணிகளில் மிஞ்சிய துண்டுகளை எல்லாம் ஒட்டுப்போட்டு, கீழே சுற்றிலும் கொசுவம் வைத்துத் தைத்திருந்தாள். கோடு போட்ட துண்டு ஒன்று கணவரின் பழைய பைஜாமா என்பதை டிப்ஸ் அக்கா உடனே கண்டுகொண்டாள்.

"கறை படியுதுன்னு யாரோ விவரம் தெரியாதவங்க தூக்கி வெளிய வச்சிட்டாங்கக்கா. நீங்க ரேடியோவுல உருகிச் சொன்ன நாற்காலியாச்சே, எனக்குப் பதறிப் போச்சு. மிச்சத் துணிய வீணாக்காதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. இனிமே கறை படியாது."

"கண்ணு தெரியுதே?"

"அங்க மட்டும் வெட்டி விட்டிருக்கேன். அத மூட மனசு வரலக்கா."

சாயங்காலம் கணவர் வந்தார். செருப்பைக் கழற்றியவர் ஒரு காலில் அப்படியே நின்றுவிட்டார். உறையையும் கொசுவத்தையும் நடுவில் முழித்துக்கொண்டிருந்த கண்ணையும் வெகுநேரம் பார்த்தார்.

"நீயா தைக்கக் குடுத்தே?"

வேறு என்ன சொல்வது? "ஆமா," என்றாள்.

"அவ்வளவு பிடிச்சிருக்கா?"

"பின்ன?"

அவர் மெதுவாக உள்ளே போய் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். மனுஷன் எப்படி நெகிழ்ந்துபோய்விட்டார் என்று அவளுக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது.

எறிந்தால்தானே திரும்பி வருகிறது, கொடுத்துவிட்டால்? மெக்கானிக் கடையில் வண்டி பழுது பார்க்க வருகிறவர்கள் உட்கார இடமில்லாமல் நிற்பதை அவள் பார்த்திருந்தாள். ஒரு நாள் ஆட்டோ பிடித்து நாற்காலியை ஏற்றிக்கொண்டு போய் அவனிடம் இறக்கினாள். கணவர் கேட்டால், தேவைப்பட்டவருக்குக் கொடுத்தேன் என்று நல்ல குறிப்பாகவே சொல்லிவிடலாம்.

ஆனால் மெக்கானிக்கிடம் அதைத் தெளிவாகச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கட்டிய கணவர் கைப்படச் செய்ததை, இந்தா நீ வைத்துக்கொள் என்று எப்படிச் சொல்வது? இழுத்து இழுத்துப் பேசினாள். வீட்டில் இடம் பத்தவில்லை என்றாள், கூட்டிப் பெருக்கும்போது நகர்த்த முடியவில்லை என்றாள், இங்கே இருந்தால் நல்லது என்றாள்.

"புரிஞ்சு போச்சுக்கா. விடுங்க, நான் பாத்துக்கறேன்," என்றான் மெக்கானிக்.

அவனுக்குப் புரிந்தது வேறு. இரண்டு நாள் கழித்து, கணவர் நாற்காலி எங்கே என்று கேட்பதற்கு முன்பே, அவனே அதைத் தள்ளிக்கொண்டு வந்தான். தூக்கிக்கொண்டு அல்ல, தள்ளிக்கொண்டு. அடியில் நான்கு சக்கரம் பூட்டியிருந்தான். மிஞ்சிய பெயின்ட்டை வீணாக்கக் கூடாது என்று, உறைக்கு வெளியே தெரிந்த இடத்தில் எல்லாம் பச்சை அடித்திருந்தான். கண்ணின் கருவிழியும் இப்போது பச்சை.

"சும்மா விரலால தொட்டா போதும்க்கா, ஓடும். பேரிங் நல்ல பேரிங்," என்றான். காசு வாங்கவும் மறுத்துவிட்டான்.

பேரிங் உண்மையிலேயே நல்ல பேரிங். அந்த வீட்டுக் கூடத்தின் தரை, கழுவிவிட்டால் தண்ணீர் ஓடுவதற்காகக் குளியலறைப் பக்கம் லேசாகச் சரிந்திருக்கும். இத்தனை வருஷமாக அது தண்ணீருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். நாற்காலி ஒரே நாளில் தெரிந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமை கணவர் குளிக்கப் போயிருந்தபோது, யாரும் தொடாமல் அது தானாகக் கிளம்பி, கூடத்தைக் கடந்து போய்க் குளியலறைக் கதவில் முட்டி நின்றது. கதவு வெளிப்பக்கம் திறக்கிற கதவு.

டிப்ஸ் அக்கா மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். துவைத்ததை வெயிலில் உலர்த்துங்கள், மின்சாரத்தில் உலர்த்தாதீர்கள் என்பதும் அவள் குறிப்புதான். ஆகவே பொறுமையாக உலர்த்திவிட்டு இறங்கி வந்தாள். உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. அவர் கத்தவில்லை, கதவைத் தட்டவுமில்லை. கண்ணாடி ஸ்க்ரூ முடுக்குகிறவருக்கே உரிய பொறுமையோடு, யாராவது இருக்கீங்களா, யாராவது இருக்கீங்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் நாற்காலியை இழுத்து விலக்கினாள். துண்டோடு வெளியே வந்தவர் கதவையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார். பச்சைக் கண் அவரைப் பார்த்தது.

"நல்லா ஓடுது," என்றார். துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே போனார்.

தன் நாற்காலி தன்னையே சிறை வைத்தும் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லையே, எவ்வளவு பாசம் இருந்தால் இப்படிப் பொறுத்துக்கொள்வார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அன்றைக்குச் சக்கரத்துக்கு அண்டக் கொடுக்கச் செங்கல் தேடி அலைந்தவளும் அவள்தான்.

அடுத்த வாரம் நடந்தது இதற்கெல்லாம் சிகரம். வானொலி நிலையத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தவள் தெருமுனையில் பழைய சாமான்காரரின் தள்ளுவண்டியைப் பார்த்தாள். உடைந்த மின்விசிறி, துருப்பிடித்த கட்டில் கால், பேப்பர்க் கட்டு. எல்லாவற்றுக்கும் மேலே கொசுவம் காற்றில் பறக்க, நாற்காலி. வண்டியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார் சாமான்காரர். பக்கத்தில், சட்டைப் பைக்குள் கையை விட்டபடி அவள் கணவர்.

அவளுக்கு எல்லாம் நொடியில் புரிந்தது. காற்றுக்காக வாசல் கதவைத் திறந்து வைக்கச் சொன்னது அவள். அண்டக் கொடுத்த செங்கல் நகர்ந்திருக்கும். நல்ல பேரிங்கோடு நாற்காலி படியிறங்கித் தெருவுக்கே வந்திருக்கும். கேட்பாரில்லாத சாமான் என்று இந்த ஆள் தூக்கிப் போட்டுக்கொண்டார். கணவர் பதறி ஓடி வந்து, காசு கொடுத்தாவது மீட்கப் பார்க்கிறார்.

ஒரு கணம் அவளுக்குச் சபலம் தட்டியது. பார்க்காததுபோல் அப்படியே திரும்பி அடுத்த தெருவுக்குள் நுழைந்துவிட்டால் போதும். தெய்வமே வண்டி அனுப்பியிருக்கிறது. ஆனால் அதற்குள் கணவர் அவளைப் பார்த்துவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகு அவளால் திரும்ப முடியவில்லை.

பிறகு அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடியது. கேட்காமல் ஒரு பொருளை எடுக்கலாமா, அது குப்பை என்று யார் சொன்னது, அதைச் செய்தவர் விரலைப் பார்த்தீரா என்று சாமான்காரரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். வானொலியில் மெத்தென்று கேட்ட குரல் தெருவில் இப்படியும் கேட்கும் என்று அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. பாவம், அந்த மனிதர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கணவர் அவர் தோளில் கை வைத்து வேண்டாம் என்று தலையசைத்தார். சண்டை என்றால் அவருக்கு ஆகாது.

"விடும்மா. போனா போகட்டும். வேணும்னா இன்னொண்ணு செஞ்சுக்கலாம்," என்றார் மெல்ல.

இன்னொன்றா? ஒன்றுக்கே இந்தப் பாடு.

"இன்னொண்ணெல்லாம் வேணாங்க. எனக்கு இதுதான் வேணும். இதே நாற்காலிதான் வேணும்."

தெரு நெகிழ்ந்தது. தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கணவரின் கண்ணும் கலங்கியிருந்தது. மெக்கானிக்கும் இன்னும் சிலரும் கயிற்றை அவிழ்த்து, நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஊர்வலமாக மாடியேறி, பழைய இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்கள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பதை அதுவரை அவள் பிறர் கதையாக மட்டுமே கேட்டிருந்தாள்.

இனி இதிலிருந்து விடுதலையே இல்லை என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டபோதுதான் வழி திறந்தது. திறந்தவர் நிலையத் தலைவர். நூலக வாசலில் வானொலி நிலையத்தின் சார்பில் ஒரு பசுமை மூலை அமைக்கிறார்களாம். வேண்டாத பொருளிலிருந்து செய்த சாமான்களைப் பொதுமக்கள் பார்க்க, பயன்படுத்த, நிரந்தரமாக அங்கேயே வைக்கப் போகிறார்களாம்.

"உங்க வீட்டு நாற்காலி ஞாபகம் வந்தது," என்றார். அந்தப் பேன்ட் இருக்கும்வரை வராமல் இருக்குமா. "ஆனா அதைக் குடுக்க உங்களுக்கு மனசு வராது. தெருவே சொல்லுது."

நிரந்தரமாகவா என்று அவள் கேட்டாள். நிரந்தரமாகத்தான் என்றார் அவர். அவள் கண்ணில் நீர் முட்டியது. தலைவர் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்று அன்பாகச் சொன்னார்.

அன்று மாலை கணவரிடம் எப்படிப் பேச்செடுப்பது என்று தெரியாமல் பாத்திரத்தைத் துலக்கியதையே துலக்கினாள். கடைசியில் சொல்லிவிட்டாள். உங்களுக்குச் சம்மதம் இல்லையென்றால் வேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

"உனக்குக் கஷ்டமா இருக்காதா?"

"இருக்கும்தான். ஆனா நாலு பேர் உக்காருவாங்களே."

"அதுவும் சரிதான். ஊருக்கே பயன்படட்டும்," என்றார். எவ்வளவு பெரிய மனசு! மறுநாள் காலையிலேயே ஒருவர் துணையும் இல்லாமல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படியில் ஓட்டமாக இறங்கினார். பிரிவை நீட்டிக்க விரும்பாதவர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டு அவளும் பின்னாலேயே ஓடினாள்.

நூலக வாசலில் நாற்காலியை வைத்து, செங்கல்லுக்குப் பதிலாகச் சிமென்ட் பூசியே சக்கரத்தை நிறுத்தினார்கள். அது இனி எங்கும் போகாது. கணவர் அந்தச் சிமென்ட்டை இரண்டு முறை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவளும் இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள், சிரிப்பு வெளியே தெரியக் கூடாதே என்று.

வீட்டுக்கு வந்து சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் ஒரு சின்ன ஆட்டமே ஆடினாள். குளியலறையில் கணவர் ஏதோ பாட்டு முணுமுணுப்பது கேட்டது. ஆட்டம் நின்றுவிட்டது. துக்கத்தை மறைக்கப் பாடுகிறாரே என்று அவருக்காகக் காப்பிக்குப் பாலை அடுப்பில் வைத்தாள்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கூடத்தில் நாற்காலி இருந்த இடத்தில் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தார். தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"இந்த இடம் ஒரு மாதிரி வெறிச்சுன்னு இருக்கு, இல்ல?" என்றார் அவளைப் பார்த்து.

அவளுக்குப் பொறுக்கவில்லை. கண் தளும்பிவிட்டது. "ஆமாங்க. உங்க கைவேலை மாதிரி வருமா?"

அவர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் முகத்தையே பார்த்தார். பிறகு எழுந்து படுக்கப் போய்விட்டார்.

அவளுக்குப் படுத்தும் மனம் ஓயவில்லை. இந்த மனிதர் வாழ்நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்கே உழைத்தவர். ஒரே ஒரு தடவை தன் ஆசைக்கு, தன் மனைவிக்கு என்று ஒன்று செய்தார். அதை எப்படியெல்லாம் திட்டம் போட்டு வீட்டை விட்டுத் துரத்திவிட்டேன்! ரப்பர் நாற்றமா, ஜன்னலைத் திறந்தால் போகிறது. சத்தமா, இரண்டு நாளில் காது பழகும். கண்ணா, பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். வெறும் தரையில் இவர் இப்படி உட்கார்ந்திருப்பதைத்தான் பார்க்க முடியாது. இவரை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். நாற்காலி வெறுப்பில் இத்தனை நாளும் அது அவளுக்கே சரியாகத் தெரியாமல் இருந்தது.

மறுநாள் வானொலி நிலையத்திலிருந்து நேராக மெக்கானிக் கடைக்குப் போனாள். அவன் ஒரு வண்டியின் அடியில் படுத்திருந்தான்.

"தம்பி, எனக்கு ரெண்டு கார் டயர் வேணும். பழசா இருந்தா போதும்."

படுத்திருந்தவன் எழுந்த வேகத்தில் தலையை வண்டியில் இடித்துக்கொண்டான். தேய்த்துக்கொண்டே அவசரமாகப் போய்ச் சுவரோரம் கைகளை விரித்து நின்றான்.

"டயரா? நம்மகிட்ட ஏதுக்கா டயர்?"

அவன் முதுகுக்குப் பின்னால் அவன் உயரத்துக்கு டயர் அடுக்கியிருந்தது.

"அதென்ன அப்ப?"

"இதா? இது... வேற ஆளுக்குச் சொல்லி வச்சது."

"அத்தனையுமா? காசு தரேன் தம்பி. ரெண்டே ரெண்டு. அண்ணன் வீட்டுல மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கார், என்னால பாக்க முடியல. டயரக் கொண்டு போய் முன்னால வச்சா பழையபடி ஒரு நாற்காலி செய்வார்."

மெக்கானிக் தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். கையிலிருந்த எண்ணெய்த் துணியால் முகத்தைத் துடைத்து, முகமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டான்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. அக்கா டயர் கேட்டு வந்தா ஒண்ணு கூடக் குடுத்துடாதேன்னு அண்ணன் காலையிலேயே வந்து கெஞ்சிட்டுப் போயிருக்கார். அன்னிக்கு நீங்க தெருவையே கூட்டி இறக்கினீங்களே, அந்த நாற்காலிய அவராத்தான் பழைய சாமான்காரருக்குக் கைக்காசு குடுத்து ஏத்தி விட்டாராமே?"